சக்கை சார் எழுதச் சொன்ன மெஷின்

புளித்த கரும்புச் சக்கை வாசனை... பெரம்பலூர் பைபாஸை ஒட்டிய அந்த இன்ஜினியரிங் காலேஜில், மெக்கானிக்கல் பிளாக் படியில் கால் வைத்தாலே மூக்கில் ஏறும். மொட்டை மாடி முழுக்கத் தார்ப்பாய் விரித்து எங்கள் எச்.ஓ.டி. சக்கை காயவைத்திருப்பார்.

எறையூர் சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வரும். அதைப் பொடித்து, பிளாஸ்டிக்கோடு கலந்து, த்ரீ-டி பிரிண்டருக்கு இழை செய்வதுதான் அவருடைய ஆராய்ச்சி. பசங்க வைத்த பேர் ‘சக்கை சார்’. அவருக்கும் தெரியும். மழை இருட்டினால் கிளாஸை நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடுவார். பின்னாலேயே கிளாஸும் சந்தோஷமாக ஓடும்.

நான் அப்போது அங்கே லெக்சரர். கல்யாணம், குழந்தை என்று பி.எச்டி.யை இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். ஆலத்தியூர் பக்கம் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் உடைக்கிற கிரஷரில் சுத்தியல்கள் சீக்கிரம் தேய்ந்துவிடும். தேய்ந்ததைத் தூக்கிப் போடாமல், ரோபோ கை வைத்து வெல்டிங்கால் அடுக்கடுக்காக உலோகம் ஏற்றி, பழைய உருவத்துக்குக் கொண்டுவருவது என் தலைப்பு.

பேப்பரில் எல்லாம் சரி. ரோபோதான் இல்லை. கடைசி எக்ஸ்டென்ஷனும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் மெஷின் வராவிட்டால் ரிஜிஸ்ட்ரேஷனே கேன்சல்.

ஒரு நாள் தேய்ந்த சுத்தியல் துண்டு ஒன்றை அரிசிப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தேன். பையை நகர்த்தப் பார்த்த கண்டக்டர், “என்னம்மா இது, அம்மிக்கல்லா?” என்றார்.

“தீசிஸ்ண்ணே” என்றேன்.

என்ன புரிந்ததோ, இறங்கும்போது பையை அவரே தூக்கி வைத்தார்.

அந்த வருஷம்தான் மேனேஜ்மென்ட் சொன்னது... அட்வான்ஸ்டு மேனுஃபேக்சரிங் லேப் ஆரம்பிக்கலாம், ஆனால் பெரிய மெஷின் ஒன்றுதான். எச்.ஓ.டி. எதை எழுதுகிறாரோ, டிபார்ட்மென்ட் இனி அந்தப் பக்கம்தான் போகும்.

சாருக்கு வேண்டியது இழை இழுக்கிற மெஷின். அது இல்லாமல்தான் இத்தனை வருஷம் அல்லாடினார். அதைத்தான் எழுதுவார் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்டாஃப் ரூமில் நான் பொருமித் தள்ளினேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்.

அந்த வாரமே சார் கூப்பிட்டார். மேஜையில் மெஷின் கேட்டு எழுதுகிற இண்டென்ட் ஃபார்ம்.

“இதுல ரோபோ ஸ்பெசிஃபிகேஷன நீயே எழுதிடும்மா. எனக்கு அதெல்லாம் தெரியாது.”

“சார்... உங்க மெஷின்?”

“சக்கை வருஷா வருஷம் வரும். ஒனக்குத்தான் நாள் இல்ல. நம்மளச் சுத்தி சிமென்ட் ஆலையா இருக்கு, நம்ம பசங்களுக்கும் இதுதான் சோறு போடும். எழுது.”

மூன்று இடத்தில் அடித்துத் திருத்தினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ரோபோ வந்தது. பி.எச்டி. முடிந்தது. படித்து முடித்த பசங்க ஆலைகளில் அந்த வேலைக்கே போனார்கள். சார் ரிட்டயர் ஆகும்வரை இழை மெஷின் மட்டும் வரவே இல்லை. மனுஷருக்கு மனசு பெரிசு, அதனால் சுலபமாகக் கொடுத்துவிட்டார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த எச்.ஓ.டி. நாற்காலியில் நான். மாடியில் சோலார் பேனல், படியில் ஃபினாயில் வாசனை. போன வாரம் மறுபடியும் அதே பேச்சு... ஒரே ஒரு மெஷின். பல வருஷமாக நான் காத்திருந்தது ஒன்று. உலோக வார்ப்பின் உள்ளே இருக்கிற விரிசலை எக்ஸ்ரேயில் கண்டுபிடிக்கிற என் ஜூனியர் பொண்ணுக்கு வேண்டியது வேறொன்று. முதலில் நடக்க வேண்டியது அவள் வேலைதான். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்தும் முதலில் என்னுடையதைத்தான் எழுதினேன். ஃபார்மை நிரப்பி, கையெழுத்தும் போட்டேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டு, அவளைக் கூப்பிட்டு அவளுடையதை எழுதச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அரியலூரில் இருக்கிற சாருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

“சார்... அன்னைக்கு உங்களுக்கு வலிக்கலையா?”

அந்தப் பக்கம் டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“ஒரு வாரம் சோறு எறங்கலம்மா. வயிறு சரியில்லன்னு வூட்ல சொல்லி வச்சிருந்தேன்.”

அவரே மெதுவாகச் சொன்னார்.

“அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் காட்டிக்காத. நிம்மதியா வேலையப் பாக்கட்டும்.”