என் வீட்டுக்காரர் முதலில் போட்டுக்கொண்ட ஊசி

போன வருஷம் ஐப்பசி மழையில் எனக்கு வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கி மூச்சை அடைத்தது. மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக் கிடத்தினார்கள். மகளை இனிப் பார்ப்பேனா என்று தெரியவில்லை. வாய்விட்டு ஜெபிக்கவும் மூச்சு இல்லை. "இயேசப்பா" என்று மனசுக்குள் கூப்பிட்டேன், அவ்வளவுதான். கர்த்தர் என்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்.

எனக்கு லூபஸ் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும். அதை அடக்கத்தான் தினமும் மாத்திரை. நிறுத்தினால் கிட்னி போய்விடும். தின்றால், வருகிற காய்ச்சலோடு மல்லுக்கட்ட உடம்பில் பலம் இருக்காது. அதனால் இந்த வருஷம் மழைக்கு முன்னே ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி போடச் சொன்னார் டாக்டரம்மா. உயிருள்ள கிருமி கலந்த ஊசிகள்தான் எனக்கு ஆகாதாம், இவை அப்படி இல்லையாம்.

என் வீட்டுக்காரர் தாசன் சம்மதிக்கவில்லை. ரப்பர் பால் வெட்டுகிறவர், அதிர்ந்து பேசமாட்டார். அன்றைக்குக் கத்தினார்.

"ஒனக்க ஒடம்பு இருக்க இருப்புக்கு இன்னும் ஊசி வேணுமா லீலா? ஒருக்கா ஒன்ன சவம் மாதிரி பாத்தாச்சு. இனி என்னால முடியாது."

வெளியே போய் நின்று அழுதார். எனக்குக் கேட்டது.

அவரைக் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. எனக்கும் பயம்தான். உபவாச ஜெபத்தில் எப்போதும் சுகம் கேட்கிறவள், இந்த முறை வேறு கேட்டேன். "ஆண்டவரே, எங்க ரெண்டு பேருக்க பயத்தையும் எடுத்துப் போடும்." வாரங்கள் போயின. அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கேட்டது வீண்தானோ என்று சோர்ந்துபோனேன்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு எங்கோ கிளம்பினார். மத்தியானம் திரும்பி வந்து சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். தோளில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"டாக்டரம்மாகிட்ட பேசினேன். ஒனக்கு ஊசி முழுசா வேலை செய்யாமலும் போலாமாம். அதனால கூட இருக்கவங்களும் ஃப்ளூ ஊசி போடணுமாம். எனக்கு மொதல்ல போடச் சொன்னேன்."

"அதுக்கு இன்னைக்கே போடணுமா?"

"எனக்கு என்ன செய்யுதுன்னு பாக்கட்டு. நீ பொறவு போட்டா போரும்."

அவர் உடம்பும் என் உடம்பும் ஒன்றல்ல. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் எது வந்தாலும் தன் மேல் முதலில் வரட்டும் என்று போயிருக்கிறார். நான் அடுக்களையில் முழங்கால் போட்டேன்.

அவருக்குக் கைவலி மட்டும்தான். அடுத்த வாரம் என்னையும் மகளையும் பைக்கில் கூட்டிப்போனார். எனக்கு ஊசி போடும்போது மறு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இந்த மழையில் எங்கள் தெருவில் வீடு வீடாகக் காய்ச்சல். எனக்கும் வந்தது, மறைக்கமாட்டேன். ஆனால் மூச்சு முட்டவில்லை. வீட்டுக் கட்டிலிலேயே படுத்து எழுந்துவிட்டேன். எழுந்த அன்று கஞ்சிக்கு முன்னால் தாசன் வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் சத்தமாக ஜெபித்து நான் கேட்டது அன்றுதான்.

லூபஸ் இன்னும் இருக்கிறது. மாத்திரையையும் விடவில்லை, அதைக் கையில் வைத்துத்தான் தினமும் நன்றி சொல்கிறேன். என்னைப்போல் பயந்து இருக்கிற சகோதரிகளே, உங்கள் டாக்டரிடம் எதையும் மறைக்காமல் கேளுங்கள். வீட்டில் சம்மதிக்காதவரோடு சண்டைக்குப் போகாமல் அவருக்காக முழங்காலில் நில்லுங்கள். நமக்குத் தெரியாமலேயே அந்த மனசுக்குள் ஆண்டவர் வேலை செய்துகொண்டிருப்பார்.