முகமூடியில் இருந்த வெள்ளை

அவர் பெட்டியைக் கொண்டுவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து. கொங்கோவின் கிழக்குப் பக்கத்தவர், லேகா இனத்தவர். என்னைப் போலவே சில வருடங்கள் பாரிஸில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வெம்பிளியில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் கதிரை அடுக்கும்போது ஒன்று காலில் விழுந்து அவர் பிரெஞ்சில் திட்ட, நானும் பிரெஞ்சில் ஆமோதிக்க, அப்படித் தொடங்கிய பழக்கம். நாங்கள் பேசுவது எப்போதும் அந்த மொழியில்தான்.

அவருடைய அறைச் சுவரில் ஈரம் ஊறிக் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. வேறு அறை கிடைக்க மூன்று கிழமை ஆகும். அதுவரை கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டில் பெட்டியை வைத்திருக்க முடியுமா என்று கேட்டார்.

“கொஞ்சம் உடுப்பு. அப்பாவின் பொருள் ஒன்று,” என்றார். “ஈரம் படாமல் இருந்தால் போதும்.”

நான்காம் நாள் பெட்டியைத் திறந்தேன். அவர்மேல் உள்ள அக்கறையால் அல்ல. அவர் வீட்டுப் பூஞ்சணம் பெட்டியோடு என் வீட்டுக்கும் வந்திருக்குமோ என்ற பயம்.

துணிக்குள் ஒரு மரமுகம். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது. இதய வடிவில் குழிந்த முகம், கீறல் போலக் கண்கள், நீண்ட மூக்கு, நாடியில் நாரால் தாடி. குழிவு முழுவதும் வெள்ளைத் தூள் படிந்து, தொட்டால் விரலில் ஒட்டியது. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் பத்திரிகை நிருபராக இருந்தவன் நான். கண்டது வேறு, முடிவு செய்வது வேறு என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் உண்டு. அன்று கண்டது வெள்ளைத் தூள். பூஞ்சணம் என்று முடிவு செய்தேன். அவருடைய தொலைபேசி எண் என்னிடம் இருந்தது.

குளியலறைக்குக் கொண்டுபோய், பூஞ்சண மருந்தை அடித்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். மருந்தின் மணத்துக்கு மனைவி எட்டிப் பார்த்தாள்.

“பாத்ரூமைத் தேய்க்கச் சொன்னா நாரி நோகுது எண்டுவியள். இப்ப ஆற்றையோ பொம்மைக்கு முகம் கழுவி விடுறியள்.”

“பூஞ்சணமப்பா. வீடு முழுக்கப் பரவும்.”

“மற்றாக்களின்ர சாமான். கேட்டனீங்களே?”

“இதுக்கும் ஒரு போன் கோல் எடுக்கோணுமே?”

வெள்ளை முழுவதும் போய், அடியில் நல்ல மண்ணிற மரம் தெரிந்தது. யன்னலோரம் காயவைத்து, திரும்பத் துணியில் சுற்றி வைத்தேன். திருப்தியாகக்கூட இருந்தது.

மூன்று கிழமை கழித்து, சொன்னபடி வந்தார். தேத்தண்ணி குடித்தபின் எங்களுக்குக் காட்ட விரும்பி அவரே பெட்டியைத் திறந்தார். துணியை விலக்கிய கை நின்றது. முகமூடியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குழிவுக்குள் விரலை ஓட்டி, விரலைப் பார்த்தார். பிறகு முகர்ந்தார்.

“நீங்கள் திறந்தீர்களா?”

“இல்லை,” என்றேன்.

யோசிக்கும் முன்னரே வந்துவிட்டது. மனைவி என்னைப் பார்த்தாள். பிரெஞ்சு அவளுக்கும் விளங்கும்.

அவர் மெதுவாக விளக்கினார். இது முகத்தில் கட்டி ஆடுகிற முகமூடி இல்லை. ப்வாமி என்று அவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதில் படிப்படியாகத்தான் உயரலாம். குறிப்பிட்ட படியை அடைந்தவருக்கே இது உரியது. சடங்கில் கையில் பிடிப்பார்கள், புயத்தில் கட்டுவார்கள், வேலியில் மாட்டுவார்கள். வெள்ளைக் களிமண் பூசுவார்கள். உரியவர் இறந்தால் உறவில் அடுத்தவருக்குப் போகும். தகப்பனிடம் இருந்தது, அண்ணன் மகன் அந்தப் படிக்கு வரும்வரை இவரிடம் இருக்கிறது. இவர் காவல் மட்டும்.

“அந்த வெள்ளை அப்பா கடைசியாகப் பூசியது.”

“திரும்பப் பூச முடியாதா?”

“பூசலாம். அந்த உரிமை எனக்கு இல்லை.” முகமூடியை மடியில் வைத்தார். “என் அறை ஈரம்தான் அதை அழித்திருக்கும். ஒரு வருடம் அந்தச் சுவரோடு வைத்திருந்தேன். அண்ணன் மகனுக்கு என்ன சொல்வேன்?”

சொல்லவேண்டிய இடம் அதுதான். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். பத்திரிகையில் பிழை போனால் மறுநாளே திருத்தம் போடுவோம். எந்தப் பக்கம், எந்த வரி, சரி எது. மூன்று வரிக்கு மேல் போகாது.

புறப்படும்போது எங்கள் சுவர்களைப் பார்த்தார். “இங்கே ஈரமே இல்லை. என்ன மருந்து பாவிக்கிறீர்கள்? புது அறையில் முதலிலேயே அடித்துவிட வேண்டும்.”

“ஒன்று வாங்கித் தருகிறேன்,” என்றேன்.

கதவை மூடியதும் மனைவி திரும்பினாள். “பொய்யும் சொல்லிப்போட்டு மருந்தும் வாங்கிக் குடுக்கப்போறியளோ?”

“ஞாயிற்றுக்கிழமை சொல்லுறன்.”

“ஓம், சொல்லுவியள்.”

கடையில் வேறு வகைகளும் இருந்தன. வேறொன்றை வாங்கலாம் என்ற எண்ணமும் வந்தது. ஆனாலும் முகமூடிக்கு அடித்த அதே மருந்தையே எடுத்தேன்.

ஞாயிறு, கோயில் வாசலில் புதுப் போத்தலைக் கொடுத்தேன். அவர் விரலில் ஒரு தடவை அடித்துப் பார்த்தார். பிறகு முகர்ந்தார். இன்னொரு முறையும் முகர்ந்தார்.

“நன்றி,” என்றார். போத்தலைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

மழை வரும் போல இருக்கிறது என்றேன்.