பழக்கக் கை: வலது

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் செய்யக் கழுத்தில் போடும் குழாயை மருத்துவமனைகளுக்கு விற்பது என் பிழைப்பு. தி.நகர் அலுவலகத்தில் மாதக் கூட்டம் என்றாலே எனக்கு எரிச்சல். இந்த வருஷ ஆரம்பத்தில் ஒரு கூட்டம். மேலாளர் திரையில் எங்கள் விற்பனையின் வரைகோட்டைக் காட்டினார். அது மேலே ஏறிக்கொண்டே போனது.

"கழுத்துக் குழாய்க்குப் பதிலா கையில ஆபரேஷன் பண்ணிக்க ஜனங்க பயப்படறாங்க சார். தள்ளிப் போட்டுட்டே இருக்காங்க. அதான் நம்ம மார்க்கெட்," என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

அப்படித் தள்ளிப் போட்டவர்களில் ஒருத்தி என் அக்கா. அபிராமபுரத்தில் வயலின் சொல்லிக்கொடுக்கிறாள், கச்சேரிகளிலும் வாசிப்பாள். அந்தக் குழாய் வழியாக இரண்டு முறை கிருமி ஏறி, கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்கினாள். கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்துவிட்டால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். குழாய் விற்கிற எனக்கே தெரியும். "மார்கழிக் கச்சேரி சீசன் முடியட்டும்டா," என்றாள். சீசன் முடிந்தது, ராமநவமிக் கச்சேரிகள் வந்தன. தொண்டை கட்டும்வரை கத்திச் சண்டை போட்டுத்தான் சம்மதிக்க வைத்தேன்.

படிவத்தை நிரப்பியதும் நான்தான். 'பழக்கக் கை எது?' என்று ஒரு கேள்வி. விரல்களுக்குப் போகும் ரத்தம் குறையக்கூடும் என்பதால், அதிகம் புழங்காத கையில்தான் ஃபிஸ்டுலா வைப்பார்கள். அவள் எழுதுவது, சாப்பிடுவது, கோலம் போடுவது எல்லாம் வலது. யோசிக்காமல் 'வலது' என்று எழுதினேன். சின்ன வயதிலிருந்து அவள் வாசிப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட முட்டாள் நான். வலது கை வில்லைத்தான் இழுக்கிறது. ஸ்வரமெல்லாம் இடது கை விரல்களில். இடது கை என்று டாக்டர் சொன்னபோது அவளும் வாயைத் திறக்கவில்லை. வேறு வழியே இல்லை என்று நினைத்துவிட்டாளாம்.

ஃபிஸ்டுலா அருமையாக வேலை செய்தது. விரல்கள்தான் சில்லிட்டு மரத்துப்போயின.

"தந்தி எங்க இருக்குன்னே தெரியலடா. எழுதற கை எதுன்னு கேட்டாளே, வாசிக்கற கை எதுன்னு ஒருத்தராவது கேட்டாளா?" என்றாள். கேட்டவர்கள் என்னைத்தான் கேட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் அந்த இணைப்பை மூடிவிடச் சொல்லிவிட்டாள். வலது கையில் வைக்கலாம் என்றார் டாக்டர். வில் பிடிக்கிற கையையும் தரமாட்டேன் என்றாள். உயிரைவிடவா வயலின் பெரிசு என்று கெஞ்சினேன்.

"உன்னைக் கேட்டுண்டு இருக்கலடா. சொல்லிண்டு இருக்கேன்."

இன்று காலை அக்கா டயாலிசிஸ் செய்துகொள்ளும் மருத்துவமனையிலிருந்து ஆர்டர் வந்தது, கழுத்துக் குழாய் ஒன்று. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.