பெயர் எழுதாத துஆச் சீட்டு

பிள்ளைகளே, உங்கள் உம்மாவுக்கு ஒரு நாளும் கிட்னிக் கல் இருந்ததில்லை. மார்புப் புற்றுநோயைத்தான் நான் கல் என்று ஊருக்குச் சொன்னேன். உங்களுக்கும் அப்படியே சொன்னேன். உண்மை எப்படி வெளியே வந்தது என்று சின்னவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வாயால் சொல்லப் போனால் பாதியில் எழும்பிப் போய்விடுகிறேன். அதனால் எழுதித் தருகிறேன். எட்டாம் வகுப்போடு தையல் மெஷினுக்கு வந்தவன் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொய் சொன்னது உங்களுக்காகத்தான் என்று அப்போது நினைத்தேன். மூன்றும் பெண் பிள்ளைகள், மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசும் நேரம். தாய்க்கு இந்த நோய் என்றால், மகள்களுக்கும் வருமே என்று வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்று பயந்தேன். மட்டக்களப்பில் ஒப்பரேஷன் முடிந்து வந்ததும், கல் எடுத்ததாகச் சொல்லிவிட்டேன்.

எங்கள் தெரு சும்மா இருக்குமா? விடிந்தால் வாழைத்தண்டுச் சாறு. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஜக், எதிர்வீட்டிலிருந்து ஒரு போத்தல். கல்லுக்கு முட்டை கூடாது, இறைச்சி கூடாது என்ற புத்திமதி வேறு. டொக்டரோ உடம்பு தேற முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார். உம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு அவித்த முட்டை தின்பாள். நான் சாற்றை முருங்கை மரத்துக்கு ஊற்றுவேன்.

இரண்டாவது கீமோ ஊசிக்குப் பிறகு முடி பிடிபிடியாகக் கொட்டியது. வீட்டுக்குள்ளும் அவள் முக்காட்டை எடுக்கவில்லை. ஒரு நாள் பாயில் படுத்தபடி சொன்னாள்:

"இனி நான் வரல்ல."

"இன்னும் நாலு ஊசி இரிக்கி புள்ள."

"கிளினிக்குல கெடக்கிற எல்லாரும் என்னப் போல வாடிக் கெடக்கிறவங்கதான். இத முடிச்சிட்டு எழும்பி நடமாடுற ஒரு பொம்பளயக் காட்டுங்க. கண்டாத்தான் வருவன்."

அப்படி ஒருத்தியை எங்கே தேடுவது? ஊரில் கேட்டால் கல் கதை உடைந்துவிடும். கிளினிக்கிலும் யாராவது ஊர்க்காரர் கண்டுவிடுவார் என்று மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு ஓடிவந்து பஸ் ஏறுவதே எங்கள் வழக்கம். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அடுத்த ஊசிக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன் நோயாளிகளுக்காகத் துஆப் பிரார்த்தனை கேட்டுப் பள்ளிவாசல் மௌலவியிடம் சீட்டுக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். நானும் கொடுத்தேன். 'இந்தப் பள்ளிவாசல் மஹல்லாவில் மார்பில் புற்றுநோய் வந்த ஒரு சகோதரிக்கு' என்று மட்டும் எழுதினேன். பெயர் போடாவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது என் கெட்டித்தனம். மௌலவி அதை வாசித்தது லவுட்ஸ்பீக்கரில் தெருவெல்லாம் கேட்டது.

தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது உள்ளே சத்தம். எனக்கு அண்ணன் முறையான மீன் லொறிக்காரக் காக்கா மௌலவியை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஆரு இத எழுதித் தந்த? எங்கட ஊட்டுக் கதைய லவுட்ஸ்பீக்கர்ல போட்டா நாங்க தெருவால போறல்லியா?"

"காக்கா, சீட்டுல பேரே இல்ல."

"பேர் என்னத்துக்கு? இந்த மஹல்லாவுல அந்த வருத்தம் வேற ஆருக்கு இரிக்கி?"

எனக்கு ஒரு காலில் செருப்பு ஏறியிருந்தது. அப்படியே போயிருக்கலாம். 'கண்டாத்தான் வருவன்' என்று உம்மா சொன்னது காதில் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"கோவிக்காதீங்க காக்கா. அது என்ட ஊட்டுச் சீட்டு."

"ஒங்கட ஊட்ட கல்லுதானே?"

"கல்லில்ல காக்கா."

அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்கட ஊட்ட இரிந்தும் ரெண்டு போத்தல் சாறு வந்திச்சே?"

"வந்திச்சி. முருங்க நல்லா நிக்கிது."

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "நாங்க பிரஷர் எண்டு சொன்னம். மூணு வருசமா என்ட பொண்டாட்டி எந்த ஊட்டுக்குப் போனாலும் உப்பில்லாத கறிதான்."

"ஊசி எல்லாம் முடிச்சிட்டாங்களா?"

"முடிச்சி ரெண்டு வருசம். இப்ப எனக்கு ஏசுற ஏச்சக் கேட்டுப் பாருங்க."

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு காக்காவின் மனைவி, நம்ம ராத்தா, வந்தார். நான் சீட்டு எழுதிய கோபத்தில் உம்மா என்னோடு கதைக்காமல் இருந்தாள். ராத்தா கதவைச் சாத்திவிட்டு முக்காட்டை எடுத்தார்.

"இஞ்ச பாரு புள்ள. ஒரு முடி இல்லாமக் கெடந்த தல இது. இப்ப சீப்பு முறியிது."

உம்மா அந்த முடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் முக்காட்டையும் எடுத்தாள். நான் பிளேன்டீ போடக் குசினிக்குப் போய்விட்டேன். அங்கிருந்தும் கேட்டது.

"கையத் தூக்க ஏலுதா?"

"தோளுக்கு மேல ஏலா ராத்தா."

"செவருல விரலால ஏறிப் பழகு, பல்லி போல."

வெகு நாளைக்குப் பிறகு உம்மா சிரித்த சத்தம் கேட்டேன்.

நாங்கள் ஓடி ஓடி வந்த அதே கிளினிக்கின் பின்பக்க அறையில், ஊசி முடித்த பெண்கள் வந்திருந்து புதியவர்களோடு கதைப்பார்களாம். தமிழ் ஊர்ப் பெண்களும் எங்கள் பெண்களும் ஒன்றாகத்தான். தூரத்திலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே தங்கப் பக்கத்தில் ஒரு வீடும் உண்டாம். அங்குள்ள நேர்ஸ் மிஸ்ஸியிடம் வாய் திறந்து கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். எங்களுக்கு ஒளியவே நேரம் சரியாக இருந்தது.

மூன்றாவது ஊசிக்கு ராத்தாவும் கூட வந்தார். ஆறும் முடிந்தது. எடுத்த மார்பின் இடத்தில் வெறும் பஞ்சு வைத்தால் உள்ளாடைக்குள் மேலே ஏறிவிடுகிறது என்று ராத்தா சொன்னதைக் கேட்டு, பஞ்சுக்கு அடியில் பாரத்துக்குக் கொஞ்சம் பயறு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அசையாமல் நின்றது. இப்போது மிஸ்ஸி கேட்கும்போதெல்லாம் தைத்து அனுப்புகிறேன்.

மூத்தவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் முதலிலேயே உண்மையைச் சொன்னேன். ஒரு வீட்டார் போனார்கள்தான். அடுத்து வந்தவர்கள் இருந்து சோறு தின்றார்கள். நீங்கள் மூன்று பேரும் வெட்கப்படாமல், பெண்களுக்கு மார்பைச் சோதித்துப் பார்க்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய்க் காட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாப்பா இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும்.

போன மாதம் டொக்டர் றிப்போட்டைப் பார்த்துவிட்டு, "ஒண்டும் இல்ல, இனி ஆறு மாசத்துக்குப் பிறகு வாங்க" என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது மட்டும்தான் எனக்கு நினைவு. கண் விழித்தபோது அட்டாளைச்சேனை. நாங்கள் இறங்க வேண்டிய கல்முனை எப்போதோ போய்விட்டது.

"எழுப்பியிருக்கலாமே!"

"எத்தன மாசம் தூங்காத மனிசன்," என்றாள் உம்மா. "தூங்கட்டும் எண்டு உட்டுட்டன். வாங்க, மற்றப் பக்கத்து பஸ்ஸப் புடிப்பம்."