காயவைத்த கடைவாய்ப் பல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... நான் ஒரு முட்டாள். சந்தேகம் இருப்பவர்கள் போன வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டு ஹாலை எட்டிப் பார்த்திருக்கலாம். டேபிள் ஃபேனுக்கு நேராக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எதற்கு? பல்லைக் காயவைக்க!

கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் வேலை பாதியில் நிற்கிறது. அடுத்த வாரம் வரைக்கும் ஓட்டையை அடைக்க, ராயபுரம் டாக்டரம்மா வெள்ளையாக ஒரு பசையை வைத்து அழுத்தினார்.

"டெம்பரரி ஃபில்லிங் சார். ஒரு மணி நேரத்துல கெட்டியாயிடும். அதுவரைக்கும் எதையும் மெல்லாதீங்க."

மீதியையும் சொல்லியிருப்பார். நான்தான் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என் கவலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. ரஹீம் பாய் மகளுக்குக் கல்யாணம். பாய் என் பள்ளிக்கூடத் தோஸ்து. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பி வியாபாரம். அவர் வீட்டு மட்டன் பிரியாணிக்காக, நிச்சயதார்த்தம் நடந்த நாளிலிருந்தே நாக்கைத் தீட்டிக்கொண்டிருப்பவன் நான். பல் தாங்குமா?

அவருக்கே போன் போட்டேன்.

"பாய், பல்லுல பசை வெச்சிருக்காங்க. சீக்கிரம் கெட்டியாக இன்னா பண்றது?"

"இன்னா மாமு, இதுகூடவா தெரியாது? கம்பிக்கு பெயின்ட் அடிக்கிறோம்ல, அதே கதைதான். ஈரம் பட்டா பூட்ச்சி. நல்லா காய வுடு!"

நம்பினேன். திருவொற்றியூர்க்காரன் வேறு எப்படி யோசிப்பான்? கடல் காற்றில் இங்கே துவைத்த லுங்கி காயாது, கேட்டுக்கு அடித்த பெயின்ட் காயாது, டப்பாவில் உப்பு உதிராது. பல் மட்டும் காய்ந்துவிடுமா? பஞ்சை உருட்டிக் கன்னத்துக்குள் செருகினேன். ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன்.

மனைவி வந்து பார்த்தாள்.

"இன்னாயா, கொசு புடிச்சினு கீறியா?"

பதில் சொல்ல வாயை மூட வேண்டுமே... கையை மட்டும் ஆட்டினேன்.

ராத்திரி இட்லி சாப்பிடும்போது தெரிந்தது, பசை இன்னும் களிமண்ணாகவே இருப்பது. பாதி, இட்லியோடு வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை மறுபடி டாக்டரம்மா.

"ஃபேன்லயா?" என்றார். சிரித்தாரா, தெரியவில்லை. மாஸ்க் என் மானத்தைக் காப்பாற்றியது. "இது காஞ்சு கெட்டியாகிற பொருள் இல்ல சார். ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். வாயை மூடிட்டுச் சும்மா இருந்திருந்தா, உங்க எச்சிலே வேலையை முடிச்சிருக்கும்."

புதிதாக வைத்த பசையை ஈரப் பஞ்சால் ஒற்றியெடுத்தார்.

எங்கள் ஏரியாவில் கேட்டைத் துருப்பிடிக்க வைக்கிற அதே ஈரம், வாய்க்குள் கொத்தனார் வேலை பார்க்கிறது! நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. ஆனால், ஒன்றும் செய்யாமல் இருக்கத்தான் நமக்கு வராதே? பாதி காரியங்களை நாம் கூடமாட ஒத்தாசை செய்தே கெடுத்துவிடுகிறோம்.

"ஞாயித்துக்கிழமை மட்டன் சாப்பிடலாமா டாக்டர்?"

"என்ன இறுகினாலும் இது தற்காலிகம்தான். இன்னொரு பக்கமா மெல்லுங்க."

"இன்னொரு பக்கத்துல பல்லு போன வருஷமே போயிடுச்சு..."

"அப்ப மட்டன் வேணாம்."

வெளியே வந்ததும் பாய்க்கு போன். ஈரம், எச்சில், இறுகுதல் — டாக்டரம்மா சொன்னதோடு நான் கொஞ்சம் சேர்த்து, முழுப் பாடமே நடத்தினேன். அவர் சொன்ன பெயின்ட் கதையால்தான் என் பிரியாணி போச்சு என்று அழாத குறையாக முடித்தேன்.

மறுமுனையில் கம்பி இறக்கும் சத்தம். அப்புறம் பாயின் குரல்:

"குஸ்கா துன்னு மாமு."