‘தெரியலை’ என்று சொல்லலாம்

விழுப்புரம் பக்கம் காணையில் கரும்பு போடுகிற வீட்டுப் பெண் கலைப்பிரியா. ஆசிரியையாக வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. வேதியியல் படித்துவிட்டு, திண்டிவனம் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த மூன்றாம் வாரம், அமிலத்தன்மை அளக்கும் கருவியை அவளிடம் ஒப்படைத்து, “இதைப் பார்க்கத் தெரியுமில்ல?” என்று கேட்டார்கள். தெரியாது. ஆனாலும் தலையாட்டினாள். அவள் எழுதிக் கொடுத்த அளவை நம்பி ஒரு தொட்டி மருந்தைக் கலந்தார்கள். அத்தனையும் வீணாய்ப் போயிற்று.

கூடத்தின் தலைவி சவுரியம்மாள் கத்தவில்லை. “தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா கண்ணு?” என்று மட்டும் கேட்டார்.

பஸ்ஸில் ஊர் திரும்பும்போதெல்லாம் அந்தக் கேள்வி அவளை அரித்தது. பள்ளி, கல்லூரி என்று பதினைந்து வருஷம். தெரியலை என்றவர்கள் பெஞ்சு மேல் நின்றார்கள், அல்லது பிரம்படி வாங்கினார்கள். அவள் தலையாட்டியே தப்பித்துவிட்டாள். ஒன்றரை வருஷம் கழித்து வேலையை விட்டுவிட்டு விழுப்புரத்தில் பி.எட். சேர்ந்தாள். “நல்ல வேலையை விட்டுட்டு மறுபடியும் படிக்கப் போறேன்றியே” என்று அம்மா அம்சா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தகுதித் தேர்வில் இரண்டாம் முறைதான் தேறினாள். திண்டிவனத்துக்குக் கிழக்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஆனாள். ஒன்பதாம் வகுப்பில் முதல் நாளே சொன்னாள்: “என் கிளாஸ்ல தெரியலைன்னு சொன்னா யாருக்கும் திட்டு கிடையாது.”

பிள்ளைகள் நம்பவில்லை. நம்பிய பிறகோ பிரவீன்குமார் எதைக் கேட்டாலும் எழுந்து, “தெரியலை டீச்சர்” என்று சிரித்துவிட்டு உட்கார்ந்தான். அவளும் சிரித்து விட்டுவிட்டாள்.

நவம்பரில் கல்வி அலுவலர் ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்தார். “பால்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா ஏம்மா திரியுது?” என்று முதல் பெஞ்சு அர்ஷியாவைக் கேட்டார்.

அர்ஷியா நிமிர்ந்து நின்று, “திரியும்னு தெரியும் சார். ஏன்னு தெரியலை” என்றாள்.

அடுத்தவளும் தெரியலை என்றாள். அதற்கடுத்தவனும். ஒருவர் முகத்திலும் பயமில்லை. அலுவலர் குறிப்பேட்டில், ‘அடிப்படை அறிவு போதாது’ என்று எழுதிவிட்டுப் போனார்.

தலைமை ஆசிரியர் திருமுருகன் அவளைக் கூப்பிட்டார். “தெரியலைன்றதை இவ்ளோ தைரியமா சொல்லக் கத்துக் குடுத்திருக்கீங்க. தெரிஞ்சிக்கினு சொல்றதுக்கு எப்போங்க கத்துக் குடுப்பீங்க?”

கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் பாதி நியாயம் என்று வராந்தாவில் நடக்கும்போதே அவளுக்கு உறைத்தது.

வகுப்புக்குத் திரும்பினாள். “எங்களால திட்டு வாங்கினீங்களா டீச்சர்?” என்று அர்ஷியா கேட்டாள்.

“ஆமா வாங்கினேன். நீ சொன்னது உண்மை. அதுல தப்பில்லை. தெரியலைன்னதோட உங்களை விட்டுட்டேன் பாரு, அது என் தப்பு.”

மறுநாள் பிரவீன்குமார் வீட்டு மாட்டுப் பாலே வந்தது. ஐந்து தம்ளர் சூடான பாலில் எலுமிச்சை, புளி, புளித்த மோர், உப்பு, சர்க்கரை என்று ஒவ்வொன்றாகப் போட்டார்கள். புளிப்பு விழுந்ததெல்லாம் திரிந்தது. உப்பும் சர்க்கரையும் சும்மா கரைந்தன. “அப்ப புளிப்புதான் அதுக்கு எமன்” என்றான் பிரவீன்குமார். வகுப்பே சிரித்தது. அமிலம் என்ற சொல்லை அன்றைக்கு அவள் கரும்பலகையில் எழுதினாள். அன்று முதல், தெரியலை என்றவர்கள் எதுவரை தெரியும் என்றும் சொல்லவேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் மிச்சத்தைத் தேடிக்கொண்டு வரவேண்டும்.

அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இரண்டு பேர் அறிவியலில் தவறினார்கள். அவர்களில் ஒருவன் பிரவீன்குமார். அர்ஷியா விழுப்புரத்தில் மேல்நிலை சேர்ந்தாள்.

ஜூனில் ஒருநாள் பிரவீன்குமார் புத்தகத்தோடு பள்ளிக்கு வந்தான். முன்பிருந்த சிரிப்பு முகத்தில் இல்லை. “மின்சாரப் பாடத்துல ஓம் விதி வரைக்கும் வருது டீச்சர். அதுக்கப்புறம் ஓட மாட்டேங்குது.”

கலைப்பிரியா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். துணைத்தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.