ஒருமுறை அழுத பிள்ளை

ஒரு பெண் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுகிறாள் என்று கணக்கிடும் ஆய்வொன்றில், கேள்வி கேட்கிற வேலை எனக்குக் கிடைத்தது. வன்னியில் பலருடைய பிறப்புப் பதிவுகள் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. ஆகவே வீடு வீடாகப் போய்ப் பெண்களையே கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள்.

எனக்கு முப்பத்தெட்டு வயது, கலியாணமாகவில்லை. பயிற்சியில் இதை யாரும் பிரச்சினையாக எடுக்கவில்லை. தண்ணீரூற்றுக் கிராமத்தில் எல்லோரும் எடுத்தார்கள். "உங்களுக்கு எத்தனை பிள்ளையள்?" என்று நான் கேட்டால், "உங்களுக்கு?" என்பார்கள். இல்லை என்றதும் தேத்தண்ணி வரும். ஒரு வீட்டில், மனைவியை இழந்த மச்சான் ஒருவரின் படமும் வந்தது.

அன்று போன வீட்டில் என்னைவிடச் சற்று மூத்த ஒரு அக்காவும் அவவின் மாமியாரும் இருந்தார்கள். பதில் சொன்னது மாமியார்.

"பிள்ளையள் இல்லை."

"அம்மா, நான் அக்காவைத்தான் கேக்கவேணும்."

"அவளும் இதைத்தான் சொல்லுவாள்."

அவவும் அதைத்தான் சொன்னா. தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. மாமியார் கதிரையை விட்டு எழும்பவில்லை. கேள்வி எதையும் விடக்கூடாது என்பதும் விதி என்பதால், பிறந்து ஒருமுறையாவது அழுது பிறகு இறந்த பிள்ளை உண்டா என்றும் கேட்டேன்.

"இல்லையெண்டு சொல்லியாச்செல்லோ" என்றா மாமியார். பூச்சியம் என்று டேப்லெட்டில் பதிந்தேன்.

வெளிக்கிட்டபோது, "நாயைப் பிடிக்கிறன்" என்று அக்கா படலைவரை வந்தா. நாய் நித்திரையாகக் கிடந்தது.

"தங்கச்சி, அழுத பிள்ளையெண்டு கேட்டனீங்கள். எவ்வளவு நேரம் அழவேணும்?"

"ஒருக்கா அழுதாலே போதும், அக்கா."

"அப்ப ஒண்டு. பொம்பிளைப் பிள்ளை. விடியப் பிறந்து மத்தியானம் போயிட்டுது. வீட்டில அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை."

வேலியோரம் நின்று பூச்சியத்தை ஒன்றாக மாற்றினேன். உடனே டேப்லெட் பிள்ளையின் பெயரைக் கேட்டது.

"பேர் ஏதும் வைச்சனீங்களோ, அக்கா?"

வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னா. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பவும் சொல்லச் சொன்னேன். இந்த முறை சத்தமாகவே சொன்னா.

"இவருக்கும் தெரியாது. நான் மனதுக்குள்ள வைச்ச பேர். இனி இதை அழிப்பினமோ?"

"பேரை எடுத்துப்போடுவினம். எண்ணிக்கை இருக்கும்."

"எண்ணிக்கையில இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனா.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மேற்பார்வையாளர் தொலைபேசியில் அழைத்தார். பதில் மாறியது அவருடைய திரையில் தெரிந்திருக்கிறது. ஏன் மாற்றினேன் என்று கேட்டார்.

"அக்கா பிறகு யோசிச்சுச் சொன்னவ."

"நல்லது. இப்பிடிப் பிறப்புகள் விடுபடுறதாலதான் சராசரி குறைஞ்சு தெரியுது. வடிவாக் கேட்டிருக்கிறீங்கள்."

ஓம் என்றேன். அதற்குமேல் கதைத்திருந்தால் அழுதிருப்பேன். முல்லைத்தீவு பஸ் வந்தது. கை காட்ட மறந்துபோனேன். அது என்னைத் தாண்டிப் போயிற்று. அடுத்ததற்கு நின்றேன்.